அத்தியாயம் 7: மொத்தமும் வரிசையும்

இடை, இடையம் பற்றிய கணக்குகள் ஜி.ஆர்.ஈ., ஜிமாட், எஸ்.ஏ.டி. ஆகிய மூன்று பரீட்சைகளிலும் வருகின்றன. இவற்றுக்கு வேண்டிய கணிதத்தை நீங்கள் சாதாரண தரத்திலேயே படித்துவிட்டீர்கள். ஆனாலும் பேராதனைப் பொறியியல் பீடத்தில் தொகையீட்டையும் வகையீட்டுச் சமன்பாட்டையும் சிரமமின்றிச் செய்தவர்கள் இந்தப் பகுதியில் புள்ளியை இழக்கிறார்கள். பாடம் தெரியாததால் அல்ல. வினா கேட்பதை விட்டு, வழக்கமாகக் கேட்கப்படுவதைச் செய்துவிடுவதால்தான்.

நேரமும் குறைவு. ஜி.ஆர்.ஈ. 2023 செப்டெம்பரில் சுருக்கப்பட்டது. இப்போது 27 கணித வினாக்களுக்கு 47 நிமிடம். ஒரு வினாவுக்கு ஒன்றே முக்கால் நிமிடம் கூட முழுதாக இல்லை. ஜிமாட்டின் கணிதப் பகுதியில் 21 வினாக்கள், 45 நிமிடம், அதிலும் கல்குலேட்டர் கிடையாது. எனவே வினாவைப் படித்தவுடன் கை எதை எழுத வேண்டும் என்பது முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும்.

என் வகுப்பில் நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான். இடை என்று கண்டால் மொத்தத்தை எழுதுங்கள். இடையம் என்று கண்டால் எண்களை வரிசைப்படுத்துங்கள். இந்த அத்தியாயம் முழுவதும் இதன் விரிவுதான். ஆங்கில வினாத்தாளில் 'ஆவரேஜ்' என்றும் 'அரித்மெட்டிக் மீன்' என்றும் வருவது நம் பாடநூலின் இடை. 'மீடியன்' இடையம், 'மோட்' ஆகாரம், 'ரேஞ்ச்' வீச்சு, 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்' நியம விலகல்.

மொத்தத்தை எழுதுதல்

தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மலையில் ஆறு பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். அன்றைய நிறுவையில் ஆளுக்கு இடை 21 கிலோ. ஏழாவதாக ஒருவரின் கொழுந்தையும் சேர்த்ததும் இடை 20 கிலோ ஆகிறது. அவர் பறித்தது எவ்வளவு?

தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: எண்ணிக்கை, இடை, மொத்தம். முதல் வரியில் 6, 21, 126. இரண்டாம் வரியில் 7, 20, 140. வித்தியாசம் 14 கிலோ. இரண்டு வரி எழுதியதும் விடை வந்துவிட்டது. சமன்பாடு எதுவும் தேவைப்படவில்லை.

இதற்கு இன்னொரு வழியும் உண்டு, வேகம் வேண்டியவர்களுக்கு. புதியவர் 20 கிலோவே பறித்திருந்தால், மற்ற ஆறு பேரிடமும் ஆளுக்கு ஒரு கிலோ மிஞ்சியிருக்கும். அந்த ஆறு கிலோவும் அவருடைய குறையை நிரப்பப் போயிருக்கிறது. ஆகவே அவர் பறித்தது 20 − 6 = 14. முதல் வழி கைக்குப் பழகிய பிறகு இதைப் பயன்படுத்துங்கள். அதற்கு முன் இது குழப்பும்.

இதே கணக்கில் ஒரு பொறி வைக்கலாம். கொழுந்து காலை, பகல், மாலை என்று மூன்று வேளை நிறுக்கப்படுகிறது. 'ஒரு நிறுவைக்கு இடை 7 கிலோ' என்று வினா சொன்னால் ஒருவரின் நாள் மொத்தம் 21 கிலோ. 'ஒரு நாளைக்கு இடை 7 கிலோ' என்றால் மொத்தமே 7தான். இடையைக் காணும்போதெல்லாம் 'எதற்கு இடை' என்று கேட்டு, அந்தச் சொல்லின் கீழ் ஒரு கோடு இழுங்கள். ஆளுக்கா, நாளுக்கா, நிறுவைக்கா? எண்ணிக்கைக் கட்டத்தில் வர வேண்டிய எண் அதில்தான் இருக்கிறது.

கல்குலேட்டர் இல்லாத ஜிமாட் கணிதப் பகுதியில் சாதாரண தரத்தில் படித்த எடுகொண்ட இடை பெரிய துணை. 68, 73, 71, 77, 66 ஆகியவற்றின் இடை வேண்டுமா? 70 என்று எடுத்துக்கொள்ளுங்கள். விலகல்கள் −2, +3, +1, +7, −4. கூட்டினால் +5, ஐந்தால் பிரித்தால் +1. இடை 71. பெரிய எண்களைக் கூட்டும்போது நேரும் கைப்பிழை இதில் நேராது.

இரண்டு கூட்டத்தைச் சேர்த்தல்

"சேர், இரண்டு இடையையும் கூட்டி இரண்டால் பிரித்தால் போதும்தானே?" இந்தக் கேள்வி வராத வகுப்பே இல்லை. சில வேளை போதும், பல வேளை போதாது.

போதுமான இடம் ஒன்றைப் பார்ப்போம். கண்டி எசல பெரஹெராவில் கும்பல் பெரஹெரா ஐந்து இரவு, ரந்தோலி பெரஹெரா ஐந்து இரவு. வாவிக்கரையில் ஒரு தேநீர்க் கடை முதல் ஐந்து இரவில் இடையாக 180 கோப்பையும் அடுத்த ஐந்து இரவில் இடையாக 320 கோப்பையும் விற்றது என்று வைத்துக்கொண்டால், பத்து இரவின் இடை 250. இரவுகளின் எண்ணிக்கை சமம் என்பதால்தான் இது சரியாக வருகிறது.

இப்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு வகுப்பில் 30 பேர், இடைப் புள்ளி 62. கம்பளையில் ஒரு வகுப்பில் 20 பேர், இடைப் புள்ளி 72. சேர்த்தால் 67 அல்ல. மொத்தங்கள் 1860, 1440, கூட்டினால் 3300, ஐம்பதால் பிரித்தால் 66. ஆட்கள் கூடிய பக்கம் இடையைத் தன்னிடம் இழுத்துவிட்டது. விரைவாகச் செய்ய: ஆட்களின் விகிதம் 3:2, இடைவெளி 10. அதை ஐந்தாகப் பிரித்தால், 62இலிருந்து இரண்டு பங்கு தள்ளி 66. சிறிய கூட்டத்தின் பங்கைப் பெரிய கூட்டத்தின் பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து 68 என்று எழுதுகிறார்கள். 68 விடைத் தெரிவுகளில் இருக்கும்.

எண்ணிக்கையே தராமல் விகிதத்தை மட்டும் தந்தாலும் கணக்கு முடியும். அல்லது சேர்ந்த இடையைத் தந்து விகிதத்தைக் கேட்பார்கள். மேலே உள்ளதில் சேர்ந்த இடை 66 என்று மட்டும் தெரிந்தால், 62இலிருந்து தூரம் 4, 72இலிருந்து தூரம் 6. ஆட்களின் விகிதம் அதன் மறுதலை, 6:4, அதாவது 3:2.

இந்த விஷயம் பரீட்சை மண்டபத்தோடு முடிவதில்லை. இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பல்கலைக்கழக அனுமதி இதே கேள்வியில் ஒருமுறை தொங்கியது. 2001இல் அறிமுகமான இசற் புள்ளி முறையை உருவாக்கியதில் முக்கியமானவர் பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்துப் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில். முறை எளிது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் பிரிக்க வேண்டும். இடை 50, நியம விலகல் 10 உள்ள பாடத்தில் 70 எடுத்தவருக்கு 2. இடை 70, நியம விலகல் 10 உள்ள பாடத்தில் 80 எடுத்தவருக்கு 1. புள்ளி குறைவாக இருந்தும் முதலாமவர் தன் கூட்டத்தில் முன்னால் நிற்கிறார். மூன்று பாடங்களின் இசற் புள்ளிகளின் இடையே மாணவரின் இசற் புள்ளி.

2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடை எழுதினார்கள். இசற் புள்ளி கணித்தபோது இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2012 ஜூனில் நீதிமன்றம் அந்தப் பெறுபேற்றை இரத்துச் செய்து, இரண்டும் வெவ்வேறு கூட்டம், தனித்தனியாகவே கணிக்க வேண்டும் என்றது.

ஏன் என்பதை எளிய எண்களில் பாருங்கள். உண்மைக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. பழைய தாளின் இடை 45, புதிய தாளின் இடை 55, இரண்டிலும் நியம விலகல் 10, ஆட்களும் சமம் என்று கொள்வோம். பழைய தாளில் 60 எடுத்தவருக்குத் தன் கூட்டத்தில் 1.5. புதிய தாளில் 60 எடுத்தவருக்கு 0.5. கூட்டங்களைக் கலந்தால் இடை 50 ஆகிவிடும். நியம விலகலும் 11க்குச் சற்று மேலே போகும். இருவருக்கும் ஏறத்தாழ 0.89. கடினமான தாளை எழுதியவரின் திறமை அங்கே மறைந்துபோகிறது. இடையைக் கணிக்குமுன் 'யாருடைய இடை' என்று கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட நெருங்கிய சான்று எனக்குத் தெரியாது.

வேகத்தின் இடை

கொழும்பிலிருந்து கண்டிக்கு 120 கிலோமீற்றர் என்று கொள்வோம். கடுகண்ணாவை ஏற்றத்தால் மேலே வரும்போது மணிக்கு 40 கிலோமீற்றர், திரும்பும்போது 60. முழுப் பயணத்துக்கும் இடை வேகம் என்ன? 50 என்று எழுதிவிடாதீர்கள். வர 3 மணி, போக 2 மணி. 240 கிலோமீற்றரை 5 மணியால் பிரித்தால் 48. மெதுவான பயணத்தில் கூடிய நேரம் கழிவதால் இடை அந்தப் பக்கம் சாய்கிறது. தூரம் தரப்படாவிட்டால் இரண்டு வேகத்தாலும் மீதியின்றிப் பிரிபடும் ஒரு தூரத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் நிறுத்துதல்

இடையத்துக்கு மொத்தம் உதவாது. எண்களை ஏறுவரிசையில் எழுதி நடுவைப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை ஒற்றையானால் நடு எண். இரட்டையானால் நடுவிலுள்ள இரண்டின் இடை. வினாத்தாள் எண்களைக் கலைத்துத்தான் தரும். வரிசைப்படுத்தாமல் நடுவில் நிற்கும் எண்ணைத் தொட்டுவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை.

இரண்டு கூட்டத்தின் இடையங்கள் தெரிந்தாலும் சேர்ந்த இடையத்தைச் சொல்ல முடியாது என்பதை நினைவில் வையுங்கள். 58, 60, 62 என்பதன் இடையம் 60. 61, 70, 90 என்பதன் இடையம் 70. சேர்த்தால் 61.5. ஆனால் 10, 60, 61 என்பதன் இடையமும் 60. 69, 70, 71 என்பதன் இடையமும் 70. இவற்றைச் சேர்த்தால் 65. ஜி.ஆர்.ஈ. ஒப்பீட்டு வினாவில் இப்படி வந்தால் பெரும்பாலும் 'தீர்மானிக்க முடியாது' என்ற நான்காவது தெரிவே விடை.

மீடிறன் அட்டவணை தந்தால் திரள் மீடிறனைப் பக்கத்தில் எழுதுங்கள். 30 குடும்பங்களில் பிள்ளைகள் இல்லாதவை 4, ஒரு பிள்ளை உள்ளவை 9, இரண்டு பிள்ளைகள் 12, மூன்று பிள்ளைகள் 5. திரட்டினால் 4, 13, 25, 30. 15ஆம், 16ஆம் குடும்பங்கள் இரண்டும் 'இரண்டு பிள்ளைகள்' வரிசையில் விழுகின்றன, இடையம் 2. இடை 48 ÷ 30 = 1.6.

இடைக்கும் இடையத்துக்கும் இடையே உள்ள தூரம் ஏன் முக்கியம்? தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 வீட்டு வருமானச் செலவு ஆய்வில் ஒரு வீட்டின் மாத வருமானத்தின் இடை 76,414 ரூபா. இடையம் 53,333 ரூபா. மேலே உள்ள சில வீடுகளின் பெரிய வருமானம் இடையை உயர்த்துகிறது. நடு வீடு அதனால் அசைவதில்லை. உயர்ந்த பக்கத்தில் வால் நீண்டால் பெரும்பாலும் இடை இடையத்தைவிடப் பெரிது. தரவு வினாக்களில் வருமானம், வீட்டு விலை, காணி விலை என்று வந்தால் முதலில் இதை நினையுங்கள். பின் எண்களைக் கொண்டு உறுதிசெய்யுங்கள்.

சம இடைவெளியில் உள்ள எண்களில் இடையும் இடையமும் ஒன்றே. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி இரண்டால் பிரித்தால் போதும். 21 முதல் 105 வரையான 7இன் மடங்குகளின் இடை 63. அவை 13 எண்கள் என்பதால் கூட்டுத்தொகை 819. ஒவ்வொரு எண்ணுக்கும் 5 கூட்டினால் இடையும் இடையமும் 5 கூடும். வீச்சும் நியம விலகலும் மாறா. இரண்டால் பெருக்கினால் நான்குமே இரட்டிக்கும்.

தெரியாத எண் எங்கே நிற்கும்?

இந்த வகைக்குக் கூடிய நேரம் கொடுங்கள். நல்ல புள்ளி எடுப்பவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிப்பது இதுதான்.

8, 15, 11, 20, க ஆகிய ஐந்து எண்களின் இடையும் இடையமும் சமம். க எவ்வளவு?

மொத்தம் 54 + க. இடையம் எது என்பது க எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. மற்ற நான்கையும் வரிசைப்படுத்தினால் 8, 11, 15, 20. க 11ஐ விடச் சிறிதானால் நடுவில் 11 நிற்கும்; மொத்தம் 55 ஆக வேண்டும்; க = 1. க 11க்கும் 15க்கும் இடையில் இருந்தால் அதுவே நடு; 54 + க = 5க; க = 13.5. க 15ஐ விடப் பெரிதானால் நடுவில் 15; மொத்தம் 75; க = 21. மூன்று விடையும் தத்தம் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருக்கின்றன. மூன்றும் சரி. க நிறைவெண் என்று வினா சொல்லியிருந்தால் 1, 21 மட்டும். முதல் விடை கிடைத்தவுடன் பேனையை வைத்துவிடுபவர்கள் மற்ற இரண்டையும் காண்பதில்லை.

அடுத்தது மிகப் பெரிய, மிகச் சிறிய பெறுமானம் கேட்கும் வகை. கண்டி டி.எஸ். சேனநாயக்க நூலகத்தில் ஏழு மாணவர்கள் ஓர் ஆண்டில் எடுத்த புத்தகங்களின் எண்ணிக்கை வெவ்வேறான நேர் நிறைவெண்கள். இடை 12, இடையம் 10. அதிகம் எடுத்தவர் கூடியபட்சம் எத்தனை புத்தகம் எடுத்திருக்கலாம்?

மொத்தம் 84. ஏழு கோடுகளை வரிசையாக இழுத்து நான்காவதில் 10 எழுதுங்கள். கடைசி எண் பெரிதாக வேண்டுமென்றால் மற்ற எல்லாம் இயன்றவரை சிறிதாக வேண்டும். இடப்பக்கம் 1, 2, 3. வலப்பக்கம் 10ஐ அடுத்து 11, 12. இந்த ஆறும் சேர்ந்து 39. மீதி 45, அதுவே விடை. 'வெவ்வேறான' என்ற சொல் வினாவில் இல்லையென்றால் 1, 1, 1, 10, 10, 10 என்று வைக்கலாம். கூட்டுத்தொகை 33; விடை 51. ஒரு சொல்லால் விடை ஆறு மாறுகிறது. அந்தச் சொல் வினாவில் உண்டா இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் கோடுகளில் எண் எழுதத் தொடங்க வேண்டும்.

ஜிமாட்டின் டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் தரவு போதுமா என்று கேட்கும் வினாக்களிலும் இதே பழக்கம் உதவும். ஏழு மாணவரின் இடைப் புள்ளி 60. இடையம் 60ஐ விடக் குறைவா? தரப்பட்ட கூற்று: மிக உயர்ந்த புள்ளி 100. போதுமா? இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கட்டிப் பாருங்கள். 50, 50, 50, 50, 60, 60, 100 என்றால் இடையம் 50; 'ஆம்'. 0, 0, 60, 80, 90, 90, 100 என்றால் இடையம் 80, 'இல்லை'. இரண்டின் மொத்தமும் 420. இரண்டு பதிலும் வருவதால் கூற்று போதாது. இங்கே எண்ணை எழுதிப் பார்ப்பதே வேலை. யோசித்துக்கொண்டு மட்டும் இருந்தால் நேரம் போய்விடும்.

பயிற்சி

ஒன்று: ஒன்பது எண்களின் இடை 14. ஒன்றை நீக்கியதும் இடை 13. நீக்கியது எது? இரண்டு: கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஒரு லொறி மணிக்கு 20 கிலோமீற்றரில் ஏறி, அதே பாதையில் 30இல் இறங்குகிறது. இடை வேகம் என்ன? மூன்று: வெவ்வேறான ஐந்து நேர் நிறைவெண்களின் இடை 8, இடையம் 9. மிகப் பெரிய எண்ணின் கூடிய பெறுமானம் என்ன? குறைந்த பெறுமானம் என்ன? நான்கு: 6, 9, 14, க ஆகியவற்றின் இடையும் இடையமும் சமம். க எடுக்கக்கூடிய பெறுமானங்கள் எல்லாம் எவை?

விடைகள்: 22. மணிக்கு 24 கிலோமீற்றர். கூடியது 18, குறைந்தது 11 (4, 6, 9, 10, 11). நான்காவதுக்கு 1, 11, 17.

நான்காவதில் ஒரு விடையோடு நின்றிருந்தால், தெரியாத எண் பற்றிய பகுதியை இன்றே திரும்பப் படியுங்கள். மூன்றாவதில் குறைந்த பெறுமானம் பிடிபடவில்லையென்றால் ஐந்து கோடு இழுத்து, நடுவில் 9 எழுதி, வலப்பக்கத்தை இயன்றவரை சிறிதாக்கிப் பாருங்கள். தவறிய கணக்கை விடையைப் பார்த்துத் திருத்தி எழுதுவது போதாது. மறுநாள் புதிய தாளில், கடிகாரம் வைத்து, முதலிலிருந்து செய்யுங்கள்.